கோப்பி டின் மூடியும் மாட்டு வைத்தியரின் காரும்

காருக்குள் சூடான காற்று வந்தால் அது பழுது என்றுதான் நான் நம்பியிருந்தேன்.

சிரிக்க வேண்டாம். நீங்கள் இங்கே சுவிஸில், வின்டர்தூரில் பிறந்து, முறையாகத் தொழில் படித்து, சான்றிதழோடு இந்தப் பட்டறைக்குள் வந்தவர்கள். நான் யாழ்ப்பாணத்தில் வாடகைக் கார்கள் திருத்தும் ஒரு கராஜில் தொழில் பழகியவன். பழைய இங்கிலீஷ் கார் ஒன்று அங்கே வந்தால், நாங்கள் முதலில் செய்கிற வேலை ஹீற்றரைக் கழற்றுவதுதான். வெளியே வெயில் மண்டையைப் பிளக்கிறது, உள்ளே அடுப்பு எதற்கு? தண்ணீர் ஹோஸ் இரண்டையும் நேரே இணைத்து ஒரு கிளிப்பைப் போட்டு இறுக்கினால் முடிந்தது. கழற்றிய ஹீற்றர்களில் ஒன்றை எங்கள் கராஜ்காரர் தன் கோழிக்கூட்டுக்குக் கதவாக வைத்திருந்தார். அதைவிட நல்ல உபயோகம் அதற்கு உண்டென்று எங்களில் எவருக்கும் தோன்றியதில்லை.

போன மாதம் என் முழங்கால்கள் இரண்டும் சேர்ந்து என்னை நேரத்தோடு ஓய்வுக்கு அனுப்பியபோது நீங்கள் கேக் வெட்டினீர்கள். உங்களில் நிவேதா, "அண்ணை, வேலையிலை நீங்கள் விட்ட ஆகப் பெரிய பிழை என்ன?" என்று கேட்டாள். "உன்னை வேலைக்கு எடுக்கச் சொன்னது" என்று சொல்லித் தப்பிவிட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். கேள்வி மட்டும் என்னோடு வீட்டுக்கு வந்துவிட்டது. அதனால்தான் எழுதுகிறேன்.

எண்பதுகளின் நடுப்பகுதி. அகதி விண்ணப்பம் கொடுத்துவிட்டுக் காத்திருந்த என்னை எங்கடினில் ஒரு சிறிய கராஜில் வேலைக்கு விட்டிருந்தார்கள். ஆடி மாதத்திலும் மலையுச்சியில் பனி கிடக்கிற பள்ளத்தாக்கு அது. கராஜில் மூன்று பேர்: முதலாளி, ஒரு மெக்கானிக், நான். என் வேலை கார் கழுவுவது, டயர் உருட்டுவது, வாசலில் பனி தள்ளுவது. தில்லைநாதன் என்ற என் பெயர் முதலாளியின் வாய்க்குள் நுழையவில்லை. "டில்லி" என்று கூப்பிடுவார். இன்றுவரை நான் காணாத ஒரு நகரத்தின் பெயரோடு அங்கே இரண்டு வருடம் வாழ்ந்தேன். அவரை நான் 'செஃப்' என்பேன், முதலாளிக்கு அவர்களுடைய சொல் அது. அவர் பேசியதை நான் எங்கள் தமிழிலேயே தருகிறேன். அவருடைய சுவிஸ் ஜெர்மனை எழுத்தில் கொண்டுவர என்னால் முடியாது, அவராலும் முடியாது.

ஜூலை மாதம் மெக்கானிக் வருடாந்த இராணுவப் பயிற்சிக்குப் போனார். இந்த நாட்டில் அது ஆண்கள் எல்லோருக்கும் உள்ளதுதான். முதலாளி என்னைப் பார்த்து, "டில்லி, ஸ்பானர் பிடிப்பியோ?" என்றார்.

"ஓம் செஃப். ஊரிலை நான் பெரிய மெக்கானிக்."

இதில் பாதி உண்மை. எந்தப் பாதி என்று அன்றைக்கு எனக்கும் தெரியாது.

அந்தக் கிழமைதான் மாட்டு வைத்தியர் அம்மா தன் காரைக் கொண்டுவந்தார். பள்ளத்தாக்கில் உள்ள மாடுகள் எல்லாம் அவருடைய பொறுப்பு. நாற்பது வயதிருக்கும். கோடையிலும் ரப்பர் பூட்ஸ். ஆனால் அவர் ஓட்டியது இரண்டு பேர் மட்டும் வசதியாக இருக்கக்கூடிய, நிலத்தோடு ஒட்டிய, பின்பக்கம் எஞ்சின் வைத்த ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் கார். ஹோட்டல்காரர் ஒருவரின் மகனிடமிருந்து அந்த வசந்தத்தில்தான் வாங்கியிருந்தார். இருக்கைகளுக்குப் பின்னால் வாளி, கயிறு, கன்று இழுக்கிற சங்கிலி. கதவைத் திறந்தால் சாணமும் மருந்தும் சேர்ந்த மணம் முகத்தில் அடிக்கும். அந்த மணத்தை ஞாபகத்தில் வைத்திருங்கள்.

"லீவரை மூடினாலும் காலடியிலை சூடு வருது. அரை மணித்தியாலம் ஓடினால் தலை இடிக்குது" என்றார்.

"லீவர்க் கம்பி இழுபட்டிருக்கும். டில்லி பாப்பான்" என்றார் முதலாளி. அவருக்கு வாசலில் உல்லாசப் பயணிகளின் கார்கள் வரிசையில் நின்றன.

நான் கீழே படுத்தேன். எஞ்சினைச் சுற்றித் தண்ணீர் ஹோஸைத் தேடினேன். ரேடியேற்றரைத் தேடினேன். இரண்டும் இல்லை. காற்றால் குளிர்கிற எஞ்சின் என்று ஒன்று இருப்பதையே நான் அப்போதுதான் கண்டேன். உங்களில் மின்சாரக் கார் மட்டும் பார்த்தவர்களுக்காகச் சொல்கிறேன்: அந்த எஞ்சினின் புகைக் குழாய்களைச் சுற்றிச் சட்டை போட்டதுபோல ஒரு தகர உறை இருக்கும். எஞ்சினின் விசிறி அந்தச் சட்டைக்கும் குழாய்க்கும் இடையில் காற்றைத் தள்ளும். காற்று சூடாகித் தடித்த ஹோஸ் வழியாகக் காருக்குள் போகும், இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று. ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு தட்டி. தட்டியைத் திறப்பதும் மூடுவதும் லீவரின் வேலை. தட்டிகள் இரண்டும் துருப்பிடித்துப் பாதி திறந்தபடி இறுகியிருந்தன.

தட்டியைக் கழற்றித் துரு நீக்கி எண்ணெய் விட்டிருக்க வேண்டும். நான் பெரிய மெக்கானிக் அல்லவா? சூட்டில் தலை இடிக்காமல் என்ன செய்யும் என்று எனக்குள் சொல்லிக்கொண்டு, முதலாளியின் கோப்பி டின் மூடிகள் இரண்டை எடுத்து, ஹோஸின் அளவுக்கு வெட்டி, இடப்பக்கம் ஒன்று வலப்பக்கம் ஒன்று செருகிக் கிளிப்பை இறுக்கினேன். சூடு நின்றது. டொக்டர் அம்மா இரண்டு நாள் கழித்து வந்து, "தலையிடி போட்டுது, நன்றி" என்றார். எனக்கு ஒரு பெரிய பாற்கட்டியும் தந்தார். நான் அதைத் தின்றேன்.

ஜனவரி வந்தது. உங்களுக்கு எங்கடின் ஜனவரியைத் தெரியாது. மூக்குக்குள் இருக்கிற மயிர் உறையும். ஒரு வெள்ளிக்கிழமை காலை டொக்டர் அம்மா வந்தபோது கார் கண்ணாடி முழுக்க வெள்ளை. வெளியே அல்ல, உள்ளே. அவர் விட்ட மூச்சு கண்ணாடியில் பட்டு அப்படியே பனிக்கட்டியாக ஒட்டியிருந்தது. ஒரு கையால் ஓட்டி மறு கையால் சுரண்டிக்கொண்டே வந்திருக்கிறார்.

"காருக்குள்ளை சூடு துப்புரவா இல்லை, இவ்வளவு நாளும் கம்பளியைப் போத்துக்கொண்டு ஓடினன்" என்றார். அவருடைய குரல் வழக்கத்தைவிட மெதுவாக இருந்தது. "காலமை மலை ரயில் வந்ததை நான் காணேல்லை. தண்டவாளத்திலை ஏறின பிறகுதான் சத்தம் கேட்டது."

முதலாளி லீவரை இழுத்துப் பார்த்தார். "பின்னேரம் கீழை எல்லாத்தையும் கழட்டுவம்" என்றார்.

எல்லாத்தையும்.

அந்த இடத்தில் நான் டயர் ஒன்றைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றது ஞாபகம். அப்போதெல்லாம் எங்களை ஊருக்குத் திருப்பி அனுப்புவதைப் பற்றித்தான் எல்லாப் பேச்சும். வேலை இல்லாதவனைத்தான் முதலில் ஏற்றுவார்கள் என்று எங்களுக்குள் ஒரு நம்பிக்கை. சரியோ பிழையோ, அந்த நம்பிக்கையோடுதான் படுத்து எழும்பினோம். இரண்டு கோப்பி டின் மூடிகளோடு நான் கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இறங்குவதைக் கண்ணால் கண்டேன்.

மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு, யுத்தமே வந்தாலும், இந்த நாடு சாப்பிடப் போகும். முதலாளி ஒன்றரைக்குத்தான் திரும்புவார். நான் பனியில் சறுக்கிக்கொண்டு பக்கத்து ஹோட்டலின் பின்கதவுக்கு ஓடினேன். அங்கே கோப்பை கழுவுகிற மகேந்திரண்ணை என் அறைத் தோழர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர்.

"அண்ணை, நான் துலைஞ்சன்."

"ஏன்ரா, முதலாளியின்ரை காரைக் கொண்டுபோய் இடிச்சுப் போட்டியோ?"

"அதெண்டால் பரவாயில்லையே!"

சொன்னேன். அவர் கையிலிருந்த சட்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். பிறகு சுவரில் சாய்ந்து சிரித்தார். அதற்குப் பிறகு குந்தியிருந்து சிரித்தார்.

"சிரிக்காதையுங்கோ அண்ணை, என்ரை அலுவல் முடிஞ்சுது."

"பொறு. எத்தினை மூடி?"

"ரெண்டு."

"மூடியிலை உன்ரை பேர் எழுதிக் கிடக்கோ?"

"இல்லை."

"அப்ப என்னத்துக்கு அழுறாய், விசரா? ஒண்டரைக்குள்ளை போய்க் கழட்டு. மூடியை ஆத்துக்குள்ளை எறி. கேட்டால், கம்பியைத் தட்டினன், சுகப்பட்டிட்டுது எண்டு சொல்லு. வெள்ளைக்காரன் கம்பி எண்டால் நம்புவான்." பிறகு தன் ஜாக்கெற் பைக்குள் கையை விட்டு ஒரு சிறிய பொட்டலத்தை எடுத்தார். "இந்தா, வெள்ளிக்கிழமை. நான் வரப் பிந்தும். அறைக்குப் போனவுடனை நீயே சாம்பிராணியைப் போடு. இண்டைக்கு என்னைவிட உனக்குத்தான் தேவை."

நான் ஓடிவந்து காரின் கீழே புகுந்தேன். கிளிப்புகளைக் கழற்றினேன். வலப்பக்கத்து மூடி, போட்ட நாள் போலவே மினுங்கியது. இடப்பக்கத்து மூடி அடுப்புக்கரி போலக் கறுப்பு. பார்த்தேன். ஒன்றும் யோசிக்கவில்லை. அந்த நேரத்தில் என் மூளை ஊருக்கு விமானம் ஏறிவிட்டது. இரண்டையும் ஓவரோல் பைக்குள் போட்டேன். பட்டறைக் குழாயைக் காரின் புகைக் குழாயில் மாட்டி, புகை வெளியே போகும்படி விட்டு, எஞ்சினை முடுக்கினேன். உள்ளே ஏறி லீவரை இழுத்தேன்.

சூடு வந்தது. எப்படிப்பட்ட சூடு! மார்கழி தொடக்கம் தொலைந்திருந்த என் கால் விரல்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. கண்ணாடி தெளிந்தது. நான் பாட்டுக்கூடப் பாடினேன்.

முதலாளி வந்தார். கதவைத் திறந்து கையை உள்ளே நீட்டினார். முகம் மலர்ந்தது. "என்னடா செய்தனி?"

"கம்பியைத் தட்டினன், செஃப்."

"கம்பியை!" அவர் என் தோளில் அடித்தார். "சொன்னன்தானே கம்பியெண்டு? திங்கட்கிழமை தொடக்கம் நீ கழுவுற வேலையில்லை. நீல ஓவரோல் தாறன். இப்ப அரை மணித்தியாலம் ஓட விட்டு உள்ளை இருந்து பார், சூடு நிக்குதோ எண்டு. மூண்டரைக்கு டொக்டரை வரச் சொல்லுறன்."

வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த முதல் பதவி உயர்வு ஒரு பொய்க்கு. பரவாயில்லை, பலருக்கும் அப்படித்தான் கிடைக்கிறது.

மெக்கானிக் பனிக்குள் புதைந்த கார்களை இழுக்கப் போயிருந்தார். நான் கதவைச் சாத்திக்கொண்டு ராசா மாதிரிக் காருக்குள் இருந்தேன். கால் மணித்தியாலத்தில் கண் சொருகியது. மத்தியானம் தின்ற சோறு என்று நினைத்தேன். பிறகுதான் மத்தியானம் நான் ஒன்றும் தின்னவில்லை என்பது ஞாபகம் வந்தது. நெற்றிப் பொட்டு இரண்டிலும் யாரோ சுத்தியலால் தட்டினார்கள். பயம்தான், வேறென்ன என்றேன். இறங்கி வாசலில் போய் நின்றேன். தெளிந்தது. திரும்ப ஏறினேன். திரும்ப இடித்தது. வாசலில் நின்றாலும் அதே பயம்தானே? அங்கே மட்டும் ஏன் தலை இடிக்கவில்லை?

அந்தத் தலையிடியை எனக்குத் தெரியும். எங்கள் பக்கத்தில் கோடையில் கிணற்றுத் தண்ணீர் கீழே இறங்கினால், தோட்டக்காரர் இறைக்கிற மிஷினைக் கயிற்றில் கட்டிக் கிணற்றுக்குள் இறக்கி வைத்து ஓட்டுவார்கள். மிஷின் ஓடும்போது ஒருவரும் கீழே இறங்கக்கூடாது. இறங்கினவன் முதலில் தலை இடிக்குதென்பான், பிறகு நித்திரை வருகுதென்பான், அதற்குப் பிறகு ஒன்றும் சொல்லமாட்டான். பதினாறு வயதில் நான் பாதி இறங்கி, மேலே நின்றவர்கள் இழுத்ததால் தப்பியவன். இப்போது ஒரு ஸ்போர்ட்ஸ் காருக்குள், மெத்தை போட்ட கிணற்றுக்குள், பாட்டுப் பாடிக்கொண்டு இருந்திருக்கிறேன்.

எஞ்சினை நிறுத்தினேன். பையிலிருந்து இடப்பக்கத்து மூடியை எடுத்தேன். விரலால் தேய்த்தேன். புகைக்கரி.

தகரச் சட்டைக்குள்ளே குழாய் எங்கோ வெடித்திருக்கிறது. சூட்டோடு புகையும் உள்ளே வருகிறது. ஜூலையில் அவருக்குத் தலை இடித்தது சூட்டினால் அல்ல. சாணமும் மருந்தும் மணக்கிற காருக்குள் அவருக்குப் புகை மணந்திருக்காது. அதன் பிறகு ஆறு மாதம் அந்தப் புகையைத் தடுத்தது என் கோப்பி டின் மூடி. அதே மூடிதான் இன்று காலை அவரை ரயிலுக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தியது. இப்போது மூடியைக் கழற்றிவிட்டேன்.

உங்களுக்கு நான் அந்த நிமிடமே வீரனாகிவிட்டதாகச் சொல்ல ஆசைதான். நான் செய்தது கழிப்பறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டது. அங்கே இருந்து நியாயங்கள் தேடினேன். அவர் ஜன்னலைக் கொஞ்சம் திறந்துதான் ஓட்டுவார். பொறுப்பு முதலாளியுடையது, நான் கழுவுகிறவன். திங்கட்கிழமை தற்செயலாகக் கண்டுபிடித்ததுபோலச் சொல்லலாம், மூடியைப் பற்றி ஒன்றும் சொல்லத் தேவையில்லை. சனி, ஞாயிறு இரண்டு நாள்தானே, அதற்குள் என்ன ஆகப்போகிறது? இந்தக் கடைசி நியாயம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. அதைச் சத்தமாக ஒரு தரம் சொல்லிப் பார்த்தேன். கழிப்பறைக்குள் அது நன்றாக ஒலிக்கவில்லை.

வெளியே வந்தபோது மூன்றரை ஆகவில்லை. டொக்டர் அம்மா ஏற்கெனவே வந்து நின்றார், கையில் பை. பக்கத்துப் பள்ளத்தாக்கில் ஒரு மாடு ஈனமுடியாமல் கிடக்கிறதாம். கன்று குறுக்கே நிற்கிறதாம். மாட்டுக்காரன் தேடித் தேடிக் கராஜுக்கே தொலைபேசி எடுத்துவிட்டானாம்.

"சாவி?" என்று கையை நீட்டினார்.

சாவி என் காற்சட்டைப் பைக்குள் இருந்தது. நான் கையை உள்ளே விட்டேன். பிடித்தேன். எடுக்கவில்லை.

"தரமாட்டன்" என்றேன்.

முதலாளி சிரித்தார். பகிடி என்று நினைத்தார். "டில்லி, சாவியைக் குடு."

"தரேலாது செஃப். காருக்குள்ளை புகை வருது. இதிலை போனால் டொக்டர் வழியிலை நித்திரையாப் போவா."

"நான்தானே கையை வைச்சுப் பாத்தன்! நல்ல சூடு!"

"நான் உள்ளை இருந்து பாத்தன். எனக்குத் தலை சுத்துது."

"நீ உள்ளை இருந்து நித்திரை கொண்டிருப்பாய்."

"அதைத்தான் சொல்லுறன் செஃப்!"

டொக்டர் அம்மா நிதானமாகக் கேட்டார்: "நீங்கள் சொல்லுறது சரியெண்டால் எனக்கு இவ்வளவு நாளும் வருத்தம் வந்திருக்க வேணுமே? கோடை தொடக்கம் தலையிடியே இல்லை. இண்டைக்கு எப்பிடித் திடீரெண்டு புகை வந்தது?"

இதுதான் கேள்வி. இதற்கு ஒரேயொரு பதில்தான் இருந்தது. அது என் பைக்குள் கிடந்தது. அதைச் சொல்லாவிட்டால் நான் சொல்வதை நம்ப அவருக்கு ஒரு காரணமும் இல்லை. சொன்னால் நீல ஓவரோல் போச்சு, வேலை போச்சு, அதற்குப் பின்னால் வரிசையாக எல்லாம் போச்சு. ஆனால் ஒன்று சொல்கிறேன். பயத்தில் ஒரு எல்லைக்கு அங்கால் போனால் கோபம் வரும். யாரில் என்றில்லை. என்னில், முதலாளியில், அந்த மூடியில், ஒரு வதிவிட அட்டையை நினைத்து ஒரு மனிசியைச் சாக விடலாமோ என்று கழிப்பறைக்குள் இருந்து கணக்குப் பார்த்த அந்தப் பொடியனில்.

இரண்டு மூடிகளையும் எடுத்துக் காரின் கூரையில் டக்கென்று வைத்தேன்.

"ஜூலையிலை நான்தான் அடைச்சனான். ரெண்டு பக்கமும். ஊரிலை ஹீற்றர் எண்டால் கழட்டி எறிவம், அப்பிடி நினைச்சன். உங்களுக்குச் சூடு வராமல் பண்ணினது நான். காலமை ரயிலைக் காணாமல் விட்டதும் என்னாலை. ஒரு மணிக்குத்தான் கழட்டினன். கம்பியை நான் தொடவேயில்லை. இது வலப்பக்கம். இது இடப்பக்கம். இந்தக் கறுப்பு உங்கடை நெஞ்சுக்குள்ளை போயிருக்க வேண்டியது."

முதலாளி மூடியைத் திருப்பிப் பார்த்தார். கோப்பியின் பெயர் அப்படியே இருந்தது.

"என்ரை கோப்பி டின்" என்றார் மெதுவாக. பிறகு வெடித்தார். "நீ கார் கழுவுறவன்! கழுவுறவன்! உன்னை ஆர் ஹோஸை அடைக்கச் சொன்னது? இது வெறும் ஊத்தை. வருசக்கணக்கான ஊத்தை. சாவியைத் தந்திட்டு வெளியிலை போ!"

"வெளியிலை போறன். சாவி தரமாட்டன். பொலிசைக் கூப்பிடுங்கோ, பொலிசிட்டைக் குடுக்கிறன். பொலிசும் உதிலை ஏறக்கூடாது எண்டுதான் சொல்லுவன்."

அவர் என்னைப் பார்த்தார். காரைப் பார்த்தார். திரும்பி அலுவலக அறைக்குள் போய்க் கதவைப் படாரென்று சாத்தினார். எங்களைத் திருப்பி அனுப்புகிற வெளிநாட்டவர் பொலிசுக்குத்தான் போன் எடுக்கிறார் என்று எனக்கு நிச்சயம். டொக்டர் அம்மா மணிக்கூட்டைப் பார்த்தார். நான் சாவியை இறுக்கிப் பிடித்த பிடியில் அதன் பல்லு உள்ளங்கையில் பதிந்தது. ஒரு நிமிடம். இரண்டு நிமிடம்.

கதவு திறந்தது. அவர் வெறுங்கையோடு வந்தார். "சரி" என்றார். "ஊத்தையோ புகையோ எண்டு இப்பவே காட்டு. ஐஞ்சு நிமிசம் தாறன்."

காட்டுவதற்கு என்னிடம் என்ன இருந்தது? நீங்கள் என்றால் ஒரு கருவியைச் செருகுவீர்கள், திரையில் எண் வரும். நான் பைகளைத் தடவினேன். மகேந்திரண்ணையின் பொட்டலம் தட்டுப்பட்டது.

பட்டறை மூலையில் இருந்த விறகு அடுப்பிலிருந்து தணலைக் கறுப்பு மூடியில் அள்ளினேன். சாம்பிராணியைத் தூவினேன். பட்டறையின் வாக்கூம் கிளீனரில் பையைக் கழற்றிவிட்டு, உறிஞ்சுகிற வாயைப் புகைக்கு மேலே பிடிக்கும்படி டொக்டர் அம்மாவிடமே கொடுத்தேன். ஊதுகிற பக்கத்தைக் காரின் புகைக் குழாய்க்குள் விட்டுச் சுற்றி ஈரத் துணியால் அடைத்தேன். புகை எஞ்சின் பக்கமாக ஏறும். குழாய் நல்லதென்றால் அதற்குள்ளேயே நிற்கும். வெடித்திருந்தால் சட்டைக்குள் கசியும், அங்கிருந்து ஹோஸ் வழியாக உள்ளே வரும். முதலாளியைக் கண்ணாடிக்கு முன்னால் நிற்கச் சொன்னேன். கழுவுகிறவன் சொன்னான், அவர் போய் நின்றார்.

சுவிற்சைப் போட்டேன். வாக்கூம் இரைந்தது. ஒன்றும் வரவில்லை. எனக்கு வியர்த்தது, அந்தக் குளிரில். வரவில்லையென்றால் நான் பொய்யன், பைத்தியம், அதோடு கோப்பி டின் கள்ளன்.

பிறகு கண்ணாடியின் அடியில், ஓட்டுபவர் இருக்கிற இடப்பக்கம், ஒரு வெள்ளை நூல் எழும்பியது. அது தடித்தது. பரவியது. ஸ்டியரிங்கைச் சுற்றிக்கொண்டு, ஓட்டுபவரின் முகம் இருக்க வேண்டிய இடத்தில் நின்றது. பட்டறை முழுக்க வெள்ளிக்கிழமை மணத்தது.

முதலாளி மணந்து பார்த்தார். தன்னை அறியாமல் தொப்பியைக் கழற்றினார். சின்ன வயதில் தேவாலயத்தில் பூசைக்கு உதவி செய்தவர் என்று பிறகுதான் தெரிந்தது.

"என்ன, செத்தவீடோ?" என்றார். பகிடியாகத்தான் சொன்னார். சொன்ன பிறகு முகம் மாறிவிட்டது.

டொக்டர் அம்மா வாக்கூமைக் கீழே வைத்தார். காருக்குள்ளிருந்து கயிறு, வாளி, சங்கிலி எல்லாவற்றையும் எடுத்தார். முதலாளிக்கு முன்னால் கையை நீட்டினார். "உங்கடை கார்ச் சாவி."

"என்ரை காரோ? அது புதுசு!"

"மாடு காத்துக்கொண்டிருக்குது."

அவர் கொடுத்தார். கன்று பிழைத்தது. முதலாளியின் பின் இருக்கை பிழைக்கவில்லை.

அடுத்த கிழமை முழுக்க அந்தக் காரைக் கழற்றினோம். இடப்பக்கத்துத் தகரச் சட்டையை வெட்டிப் பார்த்தபோது உள்ளே குழாயில் என் விரல் நீளத்துக்கு வெடிப்பு. இரண்டு பக்கமும் புதிது போட்டோம். தட்டிகளைக் கழற்றித் துரு நீக்கினோம், ஜூலையிலேயே நான் செய்திருக்க வேண்டியதை. அந்த விபரங்கள் உங்கள் புத்தகங்களில் இருக்கின்றன. நான் எழுதினால் பிழை பிடிப்பீர்கள். முடிந்ததும் மறுபடி சாம்பிராணி போட்டோம். இந்த முறை முதலாளியே தணல் அள்ளினார். உள்ளே ஒரு நூல் புகைகூட வரவில்லை. அதன் பிறகும் அவர் என்னை ஒரு மணித்தியாலம் உள்ளே இருத்தி, பத்து நிமிடத்துக்கு ஒரு தரம் கதவைத் தட்டி, "டில்லி, உயிரோடை இருக்கிறியோ?" என்று கேட்டார். நான் பதில் சொல்லாமல் கண்ணை மூடிக்கொண்டு கிடந்து ஒரு தரம் அவரை ஓட வைத்தேன். அதற்குக் கிடைத்த ஏச்சை இங்கே எழுத முடியாது.

நீல ஓவரோல் சித்திரையில் கிடைத்தது. அதுவரை கழுவினேன்.

அதற்குப் பிறகு இத்தனை வருடத்தில் எத்தனையோ முதலாளிமார், எத்தனையோ "மூண்டரைக்குக் கார் வேணும்". நான் இன்னும் இரண்டு தரம் சாவியைக் கொடுக்காமல் நின்றிருக்கிறேன். ஒரு தரம் நான் நினைத்தது பிழை, காரில் ஒன்றுமில்லை. எல்லோர் முன்னாலும் அசடு வழிந்தேன். அதற்காக வெட்கப்படவில்லை, மறுபடியும் அதையே செய்வேன். உங்களுக்கு விளங்காத ஒரு சாமானைத் தயவுசெய்து அடைக்காதீர்கள். அடைத்துவிட்டால், அடைத்தது நான்தான் என்று சொல்லுங்கள். உள்ளே இருக்கப் போகிறவர் நீங்கள் இல்லையென்றால் அதைப் பிந்திச் சொல்ல உங்களுக்கு உரிமை கிடையாது. உரத்துக் கத்துகிறவர் பிழையானவராகத்தான் இருக்கவேண்டும் என்றும் இல்லை. சிலவேளை அவரும் பயந்துபோய்த்தான் கத்துகிறார்.

இந்தக் கதையை நான் கலியாண வீடுகளில் சொல்லும்போது, சாவியைப் பிடித்த கையை உயர்த்திக் காட்டுவேன். அந்தச் சாவிதான் டொக்டரைக் காப்பாற்றியது என்று முடிப்பேன். கைதட்டுவார்கள். நீங்கள் இந்தத் தொழிலில் இருப்பதால் உங்களுக்கு மட்டும் நடந்ததைச் சொல்கிறேன்.

அந்தச் சம்பவத்துக்கு அடுத்த திங்கட்கிழமை முதலாளி என்னை அலுவலக அறையைக் கூட்டச் சொன்னார். அவருடைய மேசைக்குப் பின்னால் சாவிகள் தொங்கும் பலகை. மூன்றாவது ஆணியில் டொக்டர் அம்மாவின் காருக்கான இரண்டாவது சாவி தொங்கியது. தொழுவங்களில் சாவி தொலைக்கிறவர் என்பதால் ஒன்றை எங்களிடமே விட்டு வைத்திருந்தார். ஜூலை என்று அதில் கட்டியிருந்த துண்டில் முதலாளியின் கையெழுத்தில் எழுதியிருந்தது. அன்றைக்கு அவர் கதவைச் சாத்திக்கொண்டு அந்த அறைக்குள் இரண்டு நிமிடம் நின்றபோதும் அது அதே ஆணியில்தான் தொங்கியது. அவர் அதை எடுக்காமல் வெளியே வந்தார்.